இடுப்பு நரம்பு வலியா? பாதத்தைக் கவனியுங்கள்



முழங்கையை எப்போதாவது நிலைப்படியில் இடித்துக்கொண்டிருப்பீர்கள். இடிபட்டது முழங்கை. ஆனால் 'சுரீர்' என்று ஷாக் அடித்தது எங்கே? சுண்டுவிரலில். விரலில் ஒரு கீறல்கூட இருந்திருக்காது. முழங்கை ஓரமாகப் போகும் நரம்பு அடிபட்டது. அந்த நரம்பு போய்ச் சேரும் இடம் சுண்டுவிரல். அதனால் வலி அங்கே தெரிந்தது. அவ்வளவுதான் சங்கதி.

இதையே இடுப்புக்கும் பாதத்துக்கும் வைத்துப் பாருங்கள். இடுப்பில் நரம்பு நசுங்கினால் பாதம் எரியும், மதமதக்கும், மரத்துப்போகும், சில பேருக்குத் தூக்கவே முடியாமல் தொங்கிவிடும். பாதத்தில் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம் என்று சொல்லும் எத்தனையோ பேருக்குக் கோளாறு பாதத்தில் இல்லை.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நடவு முடிந்து வந்த அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு. இரண்டு நாளில் அது புட்டத்தில் இறங்கி, தொடைப் பின்புறமாக ஓடி, கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது. இருமினால் உயிர் போகிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மூன்று வாரம் இப்படிப் போகிறது. ஒருநாள் காலை எழுந்ததும், 'அப்பாடா, வலி விட்டுடுச்சுங்க' என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வாசல் படி ஏறும்போது கட்டைவிரல் தட்டுகிறது. செருப்பு காலை விட்டு நழுவுகிறது. 'என்னமோ கால் சரியா எழும்பல, பழகிடும்' என்று விட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் தவறு நடக்கிறது. வலி போனது எப்போதும் குணம் என்று அர்த்தமல்ல. நசுங்கிய நரம்பு மெல்ல மெல்ல வேலையை நிறுத்தும்போதும் வலி குறையும். ஆகவே வலி கூடுதா குறையுதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பாதம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்தத் துண்டுப்பிரசுரம் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்த நரம்பு எது?

நம் உடம்பிலேயே தடித்த நரம்பு இது. பெரியவர் விரல் தடிமன் இருக்கும். டாக்டர்கள் சயாட்டிக் நரம்பு என்பார்கள். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து ஐந்து வேர்கள் கிளம்பி, ஒன்றாகச் சேர்ந்து, புட்டத்தின் வழியே இறங்கி, தொடையின் பின்பக்கம் ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் போகிறது. இன்னொரு கிளை முழங்காலின் வெளிப்பக்க எலும்பைச் சுற்றிக்கொண்டு முன்காலுக்கும் பாதத்தின் மேற்புறத்துக்கும் போகிறது. முழங்காலுக்குக் கீழே, உள்பக்கத் தோலின் உணர்ச்சி ஒன்றைத் தவிர, மற்றதெல்லாம் இந்த ஒரே நரம்பின் ராஜ்யம்தான்.

இப்போது இடுப்புக்கு வருவோம். இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. எலும்புக்கு எலும்பு நடுவே டிஸ்க் என்னும் வட்டு இருக்கிறது. வெளியே கெட்டியான நார், உள்ளே கூழ் போன்ற பொருள். வண்டிச் சக்கரத்து டயர் மாதிரி அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. வயதினாலோ, குனிந்து குனிந்து தூக்கிய பாரத்தினாலோ வெளி நார் கிழிந்தால் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கிவந்து பக்கத்தில் இருக்கும் நரம்பு வேரை அழுத்தும். பெரும்பாலும் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது நடக்கிறது. அந்த இரண்டு இடத்தில் அழுந்தும் வேர்கள் எங்கே போகின்றன? நேராகப் பாதத்துக்கு! இடுப்புக் கோளாறு பாதத்தில் போய் வெளிப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரில் கொட்டூனோ என்ற டாக்டர் 1764-லேயே இந்த வலி நரம்பின் வலி என்று எழுதிவைத்தார். ஆனால் நரம்பை அழுத்துவது பிதுங்கிய வட்டு என்பது உலகத்துக்குத் தெளிவானது 1934-ல்தான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் அதை எடுத்துக்காட்டினார்கள். அதுவரைக்கும் வாதம், வாயு, குளிர் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இன்றைக்கும் வாயு என்கிறவர்கள் உண்டு!

பாதத்தில் எந்தப் பக்கம்?

பாதத்தில் எந்த இடம் மரத்திருக்கிறது என்பதை வைத்தே இடுப்பில் எந்த வேர் அழுந்துகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாதத்தின் மேற்புறமும் கட்டைவிரலும் மதமதத்து, கட்டைவிரலை மேலே தூக்கப் பலம் இல்லை என்றால், இடுப்பின் ஐந்தாவது வேர். பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்து, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் அதற்கு அடுத்த வேர். கணுக்காலுக்குப் பின்னால் டாக்டர் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது இந்த வேரைச் சோதிக்கத்தான். விளையாட்டு இல்லை.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். அதற்குத்தான் கணவன் மனைவி இருவருமாக இதைப் படிக்கச் சொல்கிறோம். தன் பாதத்தைத் தானே சரியாகப் பார்க்க முடியாது. இடுப்பு வலிக்காரருக்குக் குனியவும் முடியாது. ஒருவர் படுத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் பார்க்கட்டும்.

முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். முன்பாதம் இரண்டும் ஒரே மாதிரி தரையை விட்டு எழும்புகிறதா? அப்புறம் நுனிக்காலால் நாலு எட்டு. ஒரு குதிகால் சீக்கிரம் இறங்கிவிடுகிறதா? பிறகு படுக்கவைத்து, இரண்டு கட்டைவிரலையும் முகத்தைப் பார்க்க மடக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாகத் தணிந்தால் அங்கே பலம் குறைவு. கடைசியாக ஒரு பஞ்சுத் துணுக்கு. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் அதே அதே இடத்தில் லேசாகத் தொடுங்கள். 'இங்க தெரியுது, இங்க தெரியல' என்று சொல்லும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி, முள், நெருப்புக்குச்சி எதையும் வைத்துச் சோதிக்கக் கூடாது.

செருப்பையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒரு செருப்பின் முன்நுனி மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பாதம் தரையை உரசிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். நடக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு கால் 'டப் டப்' என்று அடித்து விழுகிறதா? ஆள் சொல்லாததைச் செருப்பு சொல்லிவிடும்.

மதமதப்பு மட்டும் என்றால் அந்த வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பலம் குறைந்திருந்தால், பாதம் தொங்கினால், நாள் கடத்தாமல் மறுநாளே காட்டுங்கள். அழுந்திய நரம்பு பாதத்தை இயக்க முடியாத நிலையில் நாள் ஆக ஆகப் பழையபடி திரும்புவது கடினமாகிக்கொண்டே போகும். அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று நரம்பு காத்திருக்காது.

கூச்சப்படாமல் சொல்ல வேண்டிய ஒன்று

மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். முதுகுத்தண்டின் கடைசியில் நரம்புகள் குதிரைவால் போலக் கொத்தாகத் தொங்குகின்றன. வட்டு பெரிதாகப் பிதுங்கினால் இந்தக் கொத்தே நசுங்கும். அபூர்வமாகத்தான் நடக்கும். நடந்துவிட்டால் மணிக்கணக்கில் காரியம் செய்ய வேண்டும்.

அடையாளம் என்ன? சைக்கிள் சீட்டில் உட்காரும்போது எந்த இடமெல்லாம் சீட்டில் படுமோ அந்த இடமெல்லாம் மரத்துப்போகும். கழுவும்போது கை படுவதே தெரியாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும், வராது. அல்லது தெரியாமல் ஒழுகும். மலம் அடக்க முடியாமல் போகும். பிறப்புறுப்பில் உணர்ச்சி மங்கும். இரண்டு கால்களும் துவளும். இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து, எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதியும் ஆபரேஷன் வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போக வேண்டும். தாமதித்தால் ஆயுசுக்கும் சிறுநீர்க் குழாயோடு இருக்கும்படி ஆகலாம். தாம்பத்திய வாழ்வும் பாதிக்கப்படலாம்.

இதைச் சொல்ல வெட்கப்பட்டே பல பேர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். மாமியார் இருக்கும் வீட்டில் மருமகள் எப்படிச் சொல்வாள்? ஆகவே கணவன்மார்களே, நீங்களே கேளுங்கள். 'ஒண்ணுக்குச் சரியாப் போகுதா?' என்று ஒரு வார்த்தை. மனைவிமார்களும் அப்படியே கேட்க வேண்டும். ஆம்பிளை தானாகச் சொல்ல மாட்டார்.

எல்லாப் பாதமும் இடுப்பைக் குற்றம் சொல்லாது

காலையில் படுக்கையை விட்டு முதல் எட்டு வைக்கும்போது குதிகால் ஊசி குத்துவது போல வலித்து, பத்து எட்டு நடந்ததும் குறைகிறதா? அது குதிகாலிலேயே உள்ள சவ்வின் வலி. இடுப்புக்குச் சம்பந்தமில்லை. ஆணி, பித்தவெடிப்பு, சேற்றுப்புண் இவையும் பாதத்தின் சொந்தச் சொத்துதான்.

இரண்டு பாதமும் ஒரே மாதிரி, சாக்ஸ் போட்ட மாதிரி, விரலிலிருந்து மேல்நோக்கி எரிந்து மரத்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். இடுப்பு நரம்பு வலி பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். புட்டத்திலிருந்து கோடு போட்ட மாதிரி இறங்கும். சர்க்கரை வியாதியில் அந்தக் கோடு இருக்காது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே சர்க்கரை பார்க்கச் சொல்லலாம்.

தொழுநோயிலும் பாதம் மரக்கும், தொங்கும். ஆனால் இடுப்பு வலி இருக்காது. பெரும்பாலும் எந்த வலியுமே இருக்காது. உடம்பில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருக்கலாம். முழங்காலின் வெளிப்பக்கம் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கலாம். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வருவார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1981-ல் சிபாரிசு செய்த கூட்டு மருந்து சிகிச்சையால் இந்த நோய் முழுக்கக் குணமாகிறது. மருந்து சுகாதார நிலையத்தில் இலவசம். சீக்கிரம் வந்தால் பாதம் தொங்காமலே காப்பாற்றிவிடலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து 'இடுப்பு வாயு' என்று மறைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இன்னொரு காரணம் பல பேருக்குத் தெரியாது. களை எடுக்கவும் கிழங்கு தோண்டவும் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்தே நகர்கிறோமே, அப்போது முழங்காலின் வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றிப் போகும் கிளை நரம்பு நசுங்கும். சாயங்காலம் எழுந்தால் பாதம் தொங்கும். இடுப்பில் ஒன்றும் இருக்காது. வெளிநாட்டில் ஸ்ட்ராபெரிப் பழம் பறிக்கும் கூலியாட்களுக்கு இது வருவதால் அந்தப் பழத்தின் பெயரையே வியாதிக்கு வைத்துவிட்டார்கள்! குந்துவதை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். டாக்டரிடம் காட்டும்போது 'என்ன வேலை செய்தேன், எப்படி உட்கார்ந்தேன்' என்று மறக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வரப்பில் களை எடுக்கும்போது அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நின்று காலை உதறிக்கொள்ளுங்கள். மேஸ்திரி திட்டினால் திட்டட்டும்.

வயதானவர் ஒருவர் நூறு அடி நடந்தால் கால் இழுத்து உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் அதே ஆள் பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் ஜாம் ஜாம் என்று போய்வருகிறார். நடிக்கிறார் என்று மருமகள் நினைக்கிறாள். நடிப்பல்ல. வயதால் முதுகுத்தண்டின் உட்குழாய் குறுகிவிட்டது. நிமிர்ந்தால் நரம்பு இறுகும், சைக்கிளில் குனிந்தால் தளரும்.

புட்டத்தில் போடும் ஊசி

இடுப்பு வலி என்றதும் நம் ஜனங்கள் கேட்பது, 'ஒரு ஊசி போட்டு விடுங்க.' ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைப்பு. அந்த ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நாம் பேசிவரும் நரம்பு ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். புட்டத்தை நான்கு பாகமாகப் பிரித்தால் மேல்-வெளிப் பாகத்தில் மட்டும்தான் ஊசி போடலாம். கற்றுக்கொள்ளாதவர் கை சற்றுக் கீழே இறங்கினால் மருந்து நரம்பிலேயே பாயும். அந்த நிமிஷமே கால் முழுவதும் தீப்பிடித்தது போல எரியும், பாதம் தொங்கிவிடும். வலிக்குப் போன இடத்தில் ஊனம் வாங்கிக்கொண்டு வந்த கதை இது. மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குழந்தையின் புட்டத்தில் சதை குறைவு. நரம்பு பக்கத்திலேயே இருக்கும். தடுப்பூசிகளைச் செவிலியர் தொடையின் முன்-வெளிப்பக்கத்தில் போடுவது இதனால்தான். காய்ச்சல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது புட்டத்தில் ஊசி போட்டுக்கொண்டு வராதீர்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கை கால் திடீரெனத் துவண்டால் அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்ல வேண்டும். இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில்தான் ஒரு குழந்தைக்கு இயற்கைப் போலியோ கண்டது. 2014-ல் போலியோ அற்ற நாடு என்று சான்று கிடைத்தது. அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் இன்னமும் ஒவ்வொரு துவண்ட காலையும் கணக்கெடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

படுத்துக்கொண்டால் சரியாகுமா?

மாதக்கணக்கில் கட்டாந்தரையில் படு, பலகையில் படு என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. டாக்டர்களும் சொன்னார்கள். 1999-ல் நெதர்லாந்து நாட்டில் காலில் இறங்கும் இடுப்பு வலி உள்ள 183 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவை இரண்டு வாரம் படுக்கவைத்தார்கள். இன்னொரு பிரிவை முடிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கச் சொன்னார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 100-க்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் தனி லாபம் ஒன்றும் இல்லை.

ஆக, வலி உயிரை வாங்கும் ஒன்றிரண்டு நாள் படுங்கள். அப்புறம் எழுந்து நடமாடுங்கள். மூட்டை தூக்குவது, குனிந்து நடவு, குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பது இதெல்லாம் கொஞ்ச நாள் வேறொருவர் பார்க்கட்டும். இந்த 'வேறொருவர்' யார் என்பதுதான் வீட்டில் சண்டை! கணவனுக்கு வலி வந்தால் வயல் வேலையை மனைவி சேர்த்துச் செய்கிறாள். மனைவிக்கு வந்தால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கணவன் ஏன் கூச்சப்பட வேண்டும்? ஆறு வாரம்தான். பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடுகிறது. பிதுங்கிய வட்டு தானே சுருங்கிவிடுவதும் உண்டு.

கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையில் கவனம் தேவை. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. பீடி பிடிக்கிறவர்களுக்கு வட்டு சீக்கிரம் தேய்வதாகத் தெரிகிறது. தாம்பத்திய உறவு கூடாதோ என்று சிலர் பயப்படுகிறார்கள். வலி பொறுக்கும் அளவில் இருந்தால் தடையில்லை. வலி உள்ளவர் இடுப்பில் பாரம் விழாதபடி, பக்கவாட்டில் படுத்த நிலை நல்லது.

ஆபரேஷனால் வந்த வலியா?

'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதிலிருந்து இடுப்பே விட்டுப்போச்சு' என்று சொல்லாத ஊர் இல்லை. பெண்களுக்குக் கருக்குழாயில் செய்யும் அந்த ஆபரேஷன் அடிவயிற்றில் நடக்கிறது; ஆண்களுக்கு விதைப்பையின் மேல்தோலில் நடக்கிறது. இரண்டுமே இந்த நரம்பின் பக்கம் போவதில்லை. 'முதுகில் போட்ட மயக்க ஊசிதான் காரணம்' என்பார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிப்பது உண்மை. ஆனால் பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில், மாதங்கள் கழித்து இடுப்பு வலி இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அப்படியானால் வலி பொய்யா? பொய் இல்லை. பத்து மாதம் வயிற்றைச் சுமந்து தளர்ந்த தசை, குனிந்து தூக்கும் பிள்ளை, ஓய்வே இல்லாத வீட்டு வேலை, இவைதான் அந்த இடுப்பை வாட்டுகின்றன. 'ஆபரேஷன் வலி' என்று பேர் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் பாதத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. உண்மையான நரம்பு அழுத்தம் இருந்தாலும் தப்பிவிடுகிறது. அதுதான் எங்களுக்குக் கவலை.

கர்ப்ப காலத்து இடுப்பு வலியில் பெரும்பாலானது இடுப்பு எலும்பு மூட்டுகளின் தளர்ச்சியால் வருவது. முழங்காலுக்குக் கீழே இறங்காது, பாதமும் மரக்காது. இறங்கினால், மரத்தால், செக்கப்புக்கு வரும்போது அவசியம் சொல்லுங்கள்.

மரத்த பாதத்தை எப்படி வைத்துக்கொள்வது?

மரத்த பாதத்துக்குப் பெரிய எதிரி நம் அன்புதான். வலி என்றதும் செங்கல்லைச் சுட வைத்து ஒத்தடம் கொடுப்போம், வெந்நீரை ஊற்றுவோம். மரத்த இடத்துக்குச் சூடு தெரியாது. 'சூடா இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை, இன்னும் கொஞ்சம்' என்பார். மறுநாள் கொப்புளம். ஒத்தடம் வேண்டுமானால் இடுப்புக்குக் கொடுங்கள், பாதத்துக்கு வேண்டாம். தண்ணீரைக் கொடுக்கிறவர் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

வெறுங்காலோடு வயலுக்கோ கொல்லைக்கோ போகக் கூடாது. ராத்திரி படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள். முள், சிராய்ப்பு, சிவப்பு, விரலிடுக்கு வெடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். கழுவித் துடைத்து, வறண்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், ஊறிப் புண்ணாகும். இடுப்பு வட்டுக் கோளாறில் ஒரு பட்டை மட்டும் மரப்பதால் பெரிய குழிப்புண் வருவது குறைவு. ஆனால் சர்க்கரையும் சேர்ந்தவருக்கு, தொழுநோய் கண்டவருக்கு, ஊசியால் முழு நரம்பும் கெட்டவருக்கு ஒரு சின்ன முள்ளே போதும். வேலூரில் 1946 முதல் பணி செய்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். தொழுநோயாளியின் பாதம் அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாமல் மிதித்துக்கொண்டே இருப்பதால் என்றார். மெத்தென்ற ரப்பர் அடித்தட்டுச் செருப்பு அந்தப் பணியில் முக்கிய இடம் பெற்றது. எம்.சி.ஆர். செருப்பு என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் தெரியும்.

பாதம் தொங்குகிறவர் கட்டைவிரலில் மாட்டும் ரப்பர் செருப்பைப் போட வேண்டாம், நழுவும், தடுக்கும். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள செருப்பு வாங்குங்கள். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்தால் அளவெடுத்துச் செய்து தருவார்கள். அதைப் போடாமல் விட்டால் பின்னங்கால் நரம்புத் தசை சுருங்கி, நரம்பு தேறிய பிறகும் பாதம் நிமிராது. ஆகையால் தினம் இருவேளை, காலை நீட்டி உட்காரவைத்து, பாதத்தைக் கையால் பிடித்து முகம் பார்க்க மெல்ல வளைத்து, பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை. இதற்குக் காசு வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். நசுங்கிய நரம்பு தளிர்க்க மாதங்கள் ஆகும், வருஷம்கூட ஆகலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டு, எக்ஸ்ரே, காப்பீட்டு அட்டை, தேய்ந்த அந்தச் செருப்பு எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். என்றைக்கு முதலில் பாதம் தடுக்கியது என்று தேதியையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.